பீத்தோவன் ஓபஸ் 13, இரண்டாம் மூவ்மென்ட்: முதல் எட்டு பார்களை எப்படிக் கேட்பது?

கேள்வி

வணக்கம். சில மாதங்களாகப் பீத்தோவனின் சி மைனர் சொனாட்டாவின், அதாவது 1799இல் வியன்னாவில் வெளியாகி இளவரசர் லிஷ்னோவ்ஸ்கிக்குக் காணிக்கையாக்கப்பட்ட 'பத்தேத்திக்' சொனாட்டாவின், நடு மூவ்மென்ட்டை (தனிப் பகுதியை) பயின்று வருகிறேன். ஏ ஃப்ளாட் மேஜர் கீ, 2/4 தாளம், அடாஜியோ கன்டாபிலே (மெதுவாக, பாடுவதுபோல்). சுரங்கள் கைக்கு வந்துவிட்டன. ஆனால் வாசித்ததைப் பதிவு செய்து கேட்டால், ஒவ்வொரு பாரும் (தாளக் கட்டமும்) தனித்தனிப் பெட்டியாக நிற்கிறதே தவிர, ஒரு பாட்டாகச் சேரவில்லை. இதற்குக் காரணம் என் விரல்கள் அல்ல, இசையின் கட்டுமானத்தை நான் சரியாகப் புரிந்துகொள்ளாததுதான் என்று சந்தேகிக்கிறேன். ஆகவே மூன்று ஐயங்களை இங்கே வைக்கிறேன்.

முதலாவது, ஃப்ரேஸ் (இசை வாக்கியம்) பிரிப்பு. முதல் எட்டு பார்களை நான்கும் நான்குமாகப் பிரிப்பதா, இரண்டு, இரண்டு, நான்கு என்று பிரிப்பதா? என்னிடம் இருக்கும் பழைய பதிப்பில் எட்டு பார்களுக்கும் மேலாக ஒரே நீண்ட ஸ்லர் கோடு (சுரங்களை இணைக்கும் வளைகோடு) போட்டிருக்கிறார்கள். அதை நம்பி வாசித்தால் மூச்சு விட இடமே இல்லை.

இரண்டாவது, அழுத்தம். 1, 3, 5, 7 ஆகிய பார்கள் வலுவானவை என்று ஆசிரியர் எழுதிக் கொடுத்திருக்கிறார். என் காதுக்கோ இரண்டாவது பாரும் நான்காவது பாருமே கனமாகக் கேட்கின்றன. கர்நாடக இசையில் சில ஆண்டுகள் பழகியவன் என்பதால், சமம் (தாளச் சுற்றின் தொடக்கம்) எங்கே விழுகிறது என்று தெரியாமல் பாடுபவனின் தவிப்பு எனக்கு இங்கே வருகிறது.

மூன்றாவது, வடிவம். இது ரோண்டோ (ஒரே மெட்டு இடைப்பகுதிகளுக்குப் பின் திரும்பத் திரும்ப வரும் வடிவம்) என்று ஓரிடத்திலும், ஏ-பி-ஏ என்ற மூன்று பகுதி வடிவம் என்று இன்னோரிடத்திலும் படித்தேன். எது சரி, அது வாசிப்பவனுக்கு ஏதேனும் மாற்றத்தைத் தருமா?

ஒரு தகவலையும் சேர்க்கிறேன். குவேவரை (இங்கே பாரின் கால் பங்கு நீளத்தை) ஒரு எண்ணிக்கையாக வைத்து, மெட்ரோனோமை (தாளத் தட்டுக் கருவியை) நிமிடத்துக்கு 60இல் வைத்துப் பயில்கிறேன்.


மறுமொழி 1

உங்கள் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் பெட்டி பெட்டியாக நிற்கிறது என்று நீங்கள் சொல்லும் குறைக்குப் பெரும்பங்கு அங்கேதான் இருக்கிறது.

மூவ்மென்ட்டில் மொத்தம் 73 பார்கள். பாருக்கு நான்கு குவேவர் என்றால் 292 குவேவர். உங்கள் மெட்ரோனோம் வேகத்தில் ஐந்து நிமிடத்துக்குச் சில நொடிகள் குறைவாக வரும், அது பலரும் வாசிக்கும் வேகமே. எனவே வேகத்தில் குற்றமில்லை, எண்ணும் அலகில்தான் குற்றம். குவேவரை எண்ணும்போது பாருக்கு நான்கு சம எடைத் தட்டுகள் கிடைக்கின்றன. முதல் பாரில் ஒரே ஒரு சுரமாக நீளும் 'சி'க்குள் இரண்டு தட்டுகள் விழுகின்றன, அடுத்த 'பி ஃப்ளாட்'டுக்குள் மேலும் இரண்டு. பாட்டு நகர வேண்டிய இடத்தில் நீங்கள் நடுவில் ஒருமுறை கால் ஊன்றுகிறீர்கள். பீத்தோவன் 4/8 என்று எழுதவில்லை, 2/4 என்றுதான் எழுதியிருக்கிறார். தொடக்கத்தில் ஹார்மனி (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின் அமைப்பு) மாறும் வேகத்தையும் கவனியுங்கள்: முதல் பாரில் இரண்டு கோர்டுகள் (சுரக்கூட்டுகள்), கிராட்செட்டுக்கு (இரண்டு குவேவர் நீளத்துக்கு) ஒன்று. பாஸ் குரல் (அடிக்குரல்) 'ஏ ஃப்ளாட்'டிலிருந்து 'டி ஃப்ளாட்'டுக்குப் போய், அடுத்த பாரின் தொடக்கத்தில் 'சி'யில் இறங்குகிறது. இசை மூச்சு விடும் அலகு கிராட்செட்தான். நடுக்குரலில் ஓயாமல் ஓடும் செமிகுவேவர்கள் அந்த அலகை நான்காகப் பொடிப்பவை, அவ்வளவே.

எழுதப்பட்ட பாரும் காதில் விழும் பாரும் ஒன்றாக இருந்தாக வேண்டியதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். மொத்ஸார்ட்டின் எஃப் மேஜர் சொனாட்டா கே. 332இன் அடாஜியோ 4/4இல் எழுதப்பட்டது, மொத்தமே 40 பார்கள்தான். அங்கே ஒரு பாருக்குள் இரண்டு சாதாரண பார்களுக்கான விஷயம் அடங்கியிருக்கிறது. பீத்தோவன் இங்கே சிறிய பார்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். இந்த எட்டு பார் மெட்டை 4/4இல் எழுதியிருந்தால் நான்கு பார்களில் முடிந்திருக்கும். தாளில் எட்டுக் கட்டங்களைப் பார்த்ததும் எட்டு வாக்கியங்கள் என்று கண் நம்பிவிடுகிறது.

ஒருமுறை இடது கையின் பாஸ் வரியையும் மெட்டையும் மட்டும், நடுக்குரலை விட்டுவிட்டு, கிராட்செட் 30இல் வாசித்துப் பாருங்கள். 30 என்பது மெட்ரோனோமின் பழைய அளவுகோலுக்கும் கீழே என்பதால், இரண்டு கிராட்செட்டுக்கு ஒரு தட்டு என்று 15இல் வைக்கும் வசதி கைபேசிச் செயலிகளில்தான் கிடைக்கும். பீத்தோவன் இந்த மூவ்மென்ட்டுக்கு மெட்ரோனோம் குறி எதையும் விட்டுச் செல்லவில்லை. மேல்ட்சல் அந்தக் கருவிக்குக் காப்புரிமை பெற்றதே 1815இல்தான். 60 என்ற எண்ணுக்கு எந்தப் புனிதமும் கிடையாது.


மறுமொழி 2

முதல் இரண்டு ஐயங்களுக்கும் ஒரே வேரிலிருந்து விடை வருவதால் அவற்றைச் சேர்த்து எழுதுகிறேன்.

மெட்டை நெருங்கிப் பார்ப்போம். பியானோவின் நடு 'சி'யில் தொடங்கி, ஒரு படி கீழே 'பி ஃப்ளாட்'டுக்கு இறங்கி, அங்கிருந்து ஒரு நான்காம் இடைவெளி தாவி இரண்டாவது பாரின் 'ஈ ஃப்ளாட்'டில் அமர்கிறது. அந்த 'ஈ ஃப்ளாட்' புள்ளி வைத்த கிராட்செட். அதுவரை வந்ததில் நீளமான சுரம் அதுவே. பிறகு 'டி ஃப்ளாட்', 'சி' என்று வழிந்து இறங்கி, மூன்றாவது பாரில் 'சி', 'ஈ ஃப்ளாட்', 'ஏ ஃப்ளாட்', 'பி ஃப்ளாட்' என்று நான்கு குவேவர்களில் ஏறி, நான்காவது பாரில் ஐந்தாம் இடைவெளி சரிந்து மீண்டும் 'ஈ ஃப்ளாட்'டுக்கு வருகிறது. அங்கே ஹார்மனி டாமினன்ட்டில் (வீட்டுக் கீயின் ஐந்தாம் சுரத்தின் மேல் அமையும் கோர்டில்) நிற்கிறது. ஆகவே உங்கள் காது சொன்னது பொய்யில்லை. இரண்டாவது பாரின் தொடக்கத்தில் தாவலின் உச்சமும், நீளமான சுரமும், ஹார்மனியின் தீர்வும் மூன்றுமாகச் சேர்ந்து விழுகின்றன. முதல் பாரின் இரண்டாவது தட்டில் பாஸில் வந்த 'டி ஃப்ளாட்' முரண் சுரம். அது 'சி'யில் இறங்கியாக வேண்டும் என்ற இழுப்பே நம்மை அந்தப் பாருக்குத் தள்ளுகிறது.

அப்படியானால் ஆசிரியர் சொன்னது தவறா என்றால், அதுவும் இல்லை. போய்ச் சேரும் இடத்தின் கனம் வேறு, தாளக் கட்டின் வலு வேறு. முன்னது ஃப்ரேஸைச் சேர்ந்தது, பின்னது மீட்டரைச் சேர்ந்தது. இரட்டை எண் பார்களே தாள வலு உடையவை என்று வைத்துக்கொண்டால் என்ன ஆகிறதென்று சோதிக்கலாம். மெட்டு இந்த மூவ்மென்ட்டில் ஐந்து முறை வருகிறது: 1, 9, 29, 51, 59 ஆகிய பார்களில். ஐந்தும் ஒற்றை எண்கள். இடையில் புது விஷயம் தொடங்கும் 17ஆம் பாரும் 37ஆம் பாரும்கூட ஒற்றையே. அப்படியிருக்க, எல்லாத் தொடக்கங்களும் வலுவற்ற பாரில் விழுகின்றன என்று சொல்ல வேண்டிவரும். கேட்கும் எவரும் அதை ஏற்கமாட்டார்கள். மெட்டின் தொடக்கம் ஒவ்வொரு முறையும் தரையில் பாதம் பதிவதுபோல்தான் கேட்கிறது. எனவே ஒற்றைப் பார்கள் வலுவானவை, ஆனால் மெட்டு அந்த வலுவிலிருந்து புறப்பட்டு இரட்டைப் பாரை நோக்கிச் சாய்கிறது. இந்த மெட்டின் அழகே அந்த இழுபறியில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

யாப்பு படித்தவர்களுக்கு இது புதிதல்ல. சீர் பிரித்த இடமெல்லாம் நிறுத்திக் குறளைப் படித்தால் தளை தட்டாது, பொருள்தான் சிதறும். வகையுளி வரும் இடத்தில் சொல்லையே பிளந்து படிக்க நேரும். அதற்காகச் சீரே இல்லை என்று யாரும் சொல்வதில்லை. பார் கோடு சீர் போன்றது. ஃப்ரேஸ் பொருள் போன்றது.

பிரிப்பைப் பொறுத்தவரை நான் நான்கும் நான்கும் என்றே சொல்வேன். இரண்டு, இரண்டு, நான்கு என்று பிரிக்க வேண்டுமானால், முதலிரண்டு பார்களில் சொன்ன கருத்தை மூன்றாவது, நான்காவது பார்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். இங்கே அவை திருப்பிச் சொல்லவில்லை, தொடர்ந்து சொல்கின்றன. அதே சமயம், பாடநூல்களில் வரும் வினா-விடை வடிவமும் இது அல்ல. அங்கே ஐந்தாவது பார் முதல் பாரைப் போலவே தொடங்கும். இங்கே ஐந்தாவது பாரில் மெட்டு பழைய சொற்களுக்குத் திரும்பாமல், பி ஃப்ளாட் மைனர் பக்கம் ஒரு கணம் சாய்ந்து, ஐந்தாம் இடைவெளிகளாக இறங்கி எட்டாவது பாரில் வீடு சேர்கிறது. வினா உண்டு, விடையும் உண்டு, ஆனால் விடை வினாவின் சொற்களைக் கடன் வாங்கவில்லை. நான்காவது பாரில் ஒரு அரைநிறுத்தம், எட்டாவதில் முழுநிறுத்தம். அந்த அரைநிறுத்தத்திலும் நடுக்குரலின் செமிகுவேவர்கள் நிற்பதில்லை. அதனால் கையைத் தூக்கி மூச்சு விடாதீர்கள். மேல் குரலை மட்டும் சற்றே தணித்து, பாஸைத் தொடர விட்டால் போதும்.

உங்கள் பதிப்பின் எட்டு பார் ஸ்லரைப் பற்றி: இந்தச் சொனாட்டாவின் கையெழுத்துப் பிரதி கிடைக்கவில்லை, முதற்பதிப்பே நமக்கு ஆதாரம். பதினெட்டாம் நூற்றாண்டின் ஸ்லர் பெரும்பாலும் வயலின் வில்லின் ஓட்டத்திலிருந்து வந்த பழக்கம். சில சுரங்களை ஒன்றாக இழைக்கச் சொல்வதே அதன் வேலை, வாக்கியத்தின் எல்லையைக் காட்டுவது அல்ல. பின்னாளில் வந்த பதிப்பாசிரியர்கள் தம் புரிதலை நீண்ட கோடுகளாக வரைந்தார்கள். அது ஒருவரின் வாசிப்பு என்ற அளவில் மதிக்கலாம், பீத்தோவனின் கட்டளை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு மூலப் பதிப்பைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது.

சமம் பற்றி ஒரு எச்சரிக்கை. ஆதி தாளத்தில் ஆவர்த்தனம் மாறாது, பாடகர் எவ்வளவு தள்ளி எடுத்தாலும் தாளம் தன் போக்கில் சுழலும். இங்கே நான்கு பார்ச் சுழற்சி என்பது பீத்தோவன் எழுதி வைத்த தாளம் அல்ல, கேட்பவர் கட்டிக்கொள்வது. 17ஆம் பாரிலிருந்து அவரே அதைக் கலைத்தும் விடுகிறார்.


மறுமொழி 3

வடிவம் பற்றிய மூன்றாவது ஐயத்துக்கு வருகிறேன். முதலில் அளவுகள்: மெட்டு இரண்டு முறை, 16 பார்கள். எஃப் மைனரில் தொடங்கும் முதல் இடைப்பகுதி, 17 முதல் 28 வரை, 12 பார்கள். மெட்டு ஒரே முறை, 8 பார்கள். ஏ ஃப்ளாட் மைனரில் தொடங்கும் இரண்டாவது இடைப்பகுதி, 37 முதல் 50 வரை, 14 பார்கள். மீண்டும் மெட்டு இரண்டு முறை, 16 பார்கள். கடைசியில் 7 பார்க் கோடா (முடிப்புப் பகுதி). 73 பார்களில் 40 பார்கள் ஒரே மெட்டு, அதுவும் ஒவ்வொரு முறையும் ஏ ஃப்ளாட் மேஜரிலேயே, ஏறக்குறைய ஒரு சுரம் மாறாமல். இது ரோண்டோதான். மூன்று பகுதி என்று சொல்பவர்கள் முதல் 36 பார்களை ஒரே பெரிய ஏ பகுதியாகக் கொள்கிறார்கள். இரண்டாவது இடைப்பகுதி முதலாவதைவிடப் பெரிய திருப்பம் என்பதால் அப்படிக் கேட்கவும் இடமுண்டு. பெயரை ஒட்டிச் சண்டை போட எனக்கு விருப்பமில்லை. முந்தைய ஆண்டு வெளியான ஓபஸ் 10இன் முதல் சொனாட்டாவை இதனுடன் வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகும்: அதுவும் சி மைனர், அதன் மெதுவான மூவ்மென்ட்டும் ஏ ஃப்ளாட் மேஜர், அதுவும் 2/4. ஆனால் அங்கே பீத்தோவன் டெவலப்மென்ட் (மெட்டுகளை விரித்து மாற்றும் நடுப்பகுதி) இல்லாத சொனாட்டா வடிவத்தை எடுத்தார். இரண்டாவது மெட்டு முதலில் வேறு கீயில் வந்து, பிறகு வீட்டுக் கீயில் திரும்புகிறது. இங்கே இடைப்பகுதிகள் எவையும் திரும்புவதில்லை. ஒருமுறை வந்து போனவை போனவையே.

வாசிப்பவருக்கு இதனால் என்ன மாற்றம் என்று கேட்டீர்கள். மெட்டு மாறாதபோது மாறுவது எது என்று தேட வேண்டியதுதான் மாற்றம். முதல் முறை கீழ்க் குரலில். 9ஆம் பாரில் ஓர் ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) மேலே, துணைக்குரல்கள் தடித்து. 29இல் மறுபடி கீழே, ஒரே முறை மட்டும். 51இல் மெட்டு பழையதே, ஆனால் துணை செமிகுவேவர் டிரிப்லெட்டாகிவிட்டது: கிராட்செட்டுக்கு நான்காக இருந்தவை ஆறாகின்றன, பாருக்கு எட்டு பன்னிரண்டாகிறது. அந்த டிரிப்லெட்டுகள் எங்கிருந்து வந்தன? 37ஆம் பாரிலிருந்து, ஏ ஃப்ளாட் மைனர் பகுதியிலிருந்து. திரும்பாத இடைப்பகுதி தன் மூச்சை மட்டும் மெட்டிடம் விட்டுப் போயிருக்கிறது. இந்த ஒன்றைக் கவனித்துவிட்டால் 51ஆம் பாரை 29ஆம் பாரைப் போல வாசிக்க மனம் வராது.

ஃப்ரேஸ் நீளத்துக்கும் இடைப்பகுதிகளே உண்மையான பயிற்சிக் களம். முதலாவதில் 12 பார்கள் என்றதும் மூன்று நான்குகள் என்று பிரிக்கத் தோன்றும், ஆனால் இசை அப்படிப் போகவில்லை. 17இல் தொடங்கும் வரி ஈ ஃப்ளாட் மேஜரை நோக்கி நீண்டு, 23ஆம் பாரில்தான் கேடன்ஸை (வாக்கியம் நின்று முடியும் இடத்தை) தொடுகிறது. அதன் பின் 28 வரை வீடு திரும்பும் பாதை. எட்டாவது பாரின் கேடன்ஸ் வலுவற்ற பாரில் தணிந்து முடிந்ததைப் போலல்லாமல், இந்தக் கேடன்ஸ் ஒற்றைப் பாரின் தலையில், தாள வலுவோடு விழுகிறது. நான்கு நான்காக எண்ணிக்கொண்டு வந்தவர் அங்கே ஒரு படி தவறி மிதித்ததைப் போல உணர்வார்.

இரண்டாவது இடைப்பகுதி மேல் குரலும் பாஸும் மாறி மாறிப் பேசும் உரையாடல். ஏ ஃப்ளாட் மைனரின் ஆறாம் சுரம் 'எஃப் ஃப்ளாட்'. அதன் மேல் அமையும் மேஜர் கீயை எஃப் ஃப்ளாட் மேஜர் என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் பீத்தோவன் அதை ஈ மேஜராக எழுதிவிடுகிறார். தாளில் நான்கு ஃப்ளாட் உலகத்திலிருந்து ஷார்ப் உலகத்துக்குத் தாவியது போலத் தெரியும்; விசைப்பலகையில் கை பக்கத்து வீட்டுக்குத்தான் போயிருக்கிறது. திரும்பி வரும் கடைசி சில பார்களில் அவசரப்படாதீர்கள், 51ஆம் பாரின் அமைதி அங்கேதான் சம்பாதிக்கப்படுகிறது.

பொருளை விட்டு அரை அடி விலகி ஒரு குறிப்பு. மொத்ஸார்ட்டின் சி மைனர் சொனாட்டா கே. 457, 1784இல் எழுதப்பட்டது. அதன் ஈ ஃப்ளாட் மேஜர் அடாஜியோவின் நடுவில் ஏ ஃப்ளாட் மேஜரில் ஒரு மெட்டு வருகிறது. இந்த மெட்டுக்கு உடன்பிறப்பு என்றே சொல்லலாம். இரண்டையும் அடுத்தடுத்து வாசித்தால், மொத்ஸார்ட் ஒரு வழிப்போக்கனாகக் காட்டியதைப் பீத்தோவன் வீட்டுக்காரனாக்கியது தெரியும்.


கேள்வி கேட்டவரின் பதில்

மூவருக்கும் நன்றி. நடுக்குரலை நீக்கி, பாஸும் மெட்டும் மட்டுமாக மூன்று நாட்கள் வாசித்தேன். பாஸின் 'டி ஃப்ளாட்', 'சி'க்கு இறங்கும் இடத்தை இதுவரை நான் கேட்டதே இல்லை என்று இப்போது புரிகிறது. அது கேட்கத் தொடங்கியதும், இரண்டாவது பாரை வேண்டுமென்றே அழுத்துவதை விட்டுவிட்டேன், அழுத்தாமலேயே அது கனக்கிறது. பதிவைத் திரும்பக் கேட்டபோது இன்னொரு பழக்கமும் அகப்பட்டது. எட்டாவது பாரின் முடிவில் ஒவ்வொரு முறையும் அரைக் கிராட்செட் அளவுக்கு நின்றிருக்கிறேன், செமிகுவேவர்கள் ஓடிக்கொண்டிருக்க வேண்டிய இடத்தில்.

ஆனால் நடுக்குரலைச் சேர்த்ததும் பழைய தொல்லை பாதி திரும்புகிறது. வலது கையின் கட்டைவிரல் செமிகுவேவர்கள் மெட்டை மூடுகின்றன. இன்னொன்று, கோடாவின் ஏழு பார்களை எப்படிப் பிரிப்பது? நான்கும் மூன்றும் என்று எண்ணினால் கடைசிப் பார் அந்தரத்தில் நிற்பதாகத் தோன்றுகிறது.


மறுமொழி 2 எழுதியவர்

கட்டைவிரலுக்கு: மெட்டை நான்காம், ஐந்தாம் விரல்களால் முழு ஒலியோடும், செமிகுவேவர்களை விசையின் மேற்பரப்பை விட்டு விரல் எழாமலும், வேண்டுமென்றே மிகைப்படுத்திப் பயிலுங்கள். பயிற்சியில் அசிங்கமாகக் கேட்கும் அளவுக்கு வேறுபாடு இருந்தால்தான் வாசிப்பில் அளவாக வரும். பெடலைப் பாருக்கு ஒருமுறை மாற்றுகிறீர்களா என்றும் பாருங்கள்; முதல் பாரிலேயே இரண்டு ஹார்மனிகள் இருப்பதால் அங்கே இரண்டு முறை மாற்றியாக வேண்டும். மெட்டு மூடப்படுவதற்குப் பாதிக் காரணம் அதுவாகவும் இருக்கலாம்.

கோடாவுக்கு: 67, 68 ஒரு சிறு தொடர், 69, 70 அதையே சற்று அலங்கரித்துச் சொல்கின்றன, 71, 72, 73 மீதம். ஒற்றைப் பார்கள் வலுவானவை என்ற கணக்கு இங்கும் நீடிப்பதால் 73ஆம் பார் வலுவான பாரே, அந்தரத்தில் இல்லை. அதற்கு இணையாக வரவேண்டிய 74ஆம் பார் மட்டும் எழுதப்படவில்லை. கடைசிக் கோர்டை வாசித்த பின் அந்த எழுதப்படாத பாரை மனத்துக்குள் எண்ணிவிட்டு, அதற்குப் பிறகு கையை எடுங்கள்.